நன்னீர்ப் பக்கம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இவ்வீட்டுக் கூடத்தின் வடமேற்கு மூலையில் மூன்றாண்டுக் காலம் நிலைபெற்றிருந்த கடலானது, எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் ஆறாக மாற்றப்படும். பொதுமக்கள் ஒத்துழைக்கவும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த அறிவிப்பை வெளியிட்டவர் நகரக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் மூத்த பரிசோதகர். பொதுமக்கள் என்று அவர் குறிப்பிட்டது மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள், ஓராண்டாக அவர்களோடு இருக்கும் மாமனார் ஆகிய மூவரை. வேறு ஊரில் இருந்த மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஒரு கட்டைவிரலை அனுப்பிவைத்தார். மகள் மட்டும், “கடல்ல இருந்தவங்க எல்லாரும் செத்தாச்சுன்னு நேரா சொல்லலாமேப்பா” என்று எழுதினாள்.

உண்மைதான். நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல மீன், ஒரு இறால், எந்நேரமும் கல்லிடுக்கில் ஒளிந்திருந்ததால் உயிரோடு இருந்ததா என்பதே கடைசிவரை தெரியாத இன்னொன்று. இவ்வளவுதான் அந்தக் கடல். ஒவ்வொன்று போகும்போதும் பரிசோதகர் ஒரு காரணம் வைத்திருந்தார். முதலாவதற்கு வயதாகிவிட்டது. இரண்டாவதற்குத் துணையைப் பிரிந்த ஏக்கம். நீல மீனுக்கு மின்வெட்டு. இறால் தானாகவே வெளியே குதித்தது. காரணங்களும் மீன்களும் ஒருசேரத் தீர்ந்தபோது, இனி நன்னீர் என்று கொள்கை முடிவு எடுத்தார். தோல்வி என்ற சொல் அவர் வாயில் வராது. மாற்றம் என்பார்.

பரிசோதகர் என்ற பதவிப் பெயரைக் கேட்டு, அவர் எதையோ பரிசோதிப்பார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கூடத்தில் தண்ணீரைக் குப்பியில் பிடித்து வருவது ஒருவர், இயந்திரத்தில் ஊற்றுவது இன்னொருவர், எண்ணை அச்சடிப்பது இயந்திரம். அச்சடித்த தாளில் பச்சை மையால் கையெழுத்திடுவது இவர். இருபத்திரண்டு வருடக் கையெழுத்து. அந்த அனுபவத்தோடுதான் வண்ணமீன் கடைக்குப் போனார்.

கடைக்காரர் கையை முழங்கைவரை ஒரு தொட்டிக்குள் விட்டுப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையை எடுக்காமலே கேட்டார்.

“பழைய கல்லு, மணலு எல்லாம் தூக்கிப் போட்டாச்சா சார்?”

“எதுக்குத் தூக்கிப் போடணும்? மூணு வருஷம் ஓடின கல்லு. அதுல இருக்கற பாக்டீரியா எல்லாம் நல்லா வேலை தெரிஞ்சது.”

“வேலை தெரிஞ்சதுதான். ஆனா உப்புத் தண்ணியில. நல்ல தண்ணியில போட்டா அதெல்லாம் செத்துடும். கல்லுக்குள்ள இருக்கற புழு பூச்சியும் செத்து அழுகும். அந்த மணல் வேற தண்ணிய காரமாக்கும். புதுக் கல்லு போட்டு, மீன் விடாம, அஞ்சாறு வாரம் தொட்டிய சைக்கிள் பண்ணுங்க சார். அவசரப்படாதீங்க.”

தொட்டியை சைக்கிள் செய்வதென்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மீனின் கழிவு தண்ணீரில் அம்மோனியாவாகிறது. அது மீனின் செவுளை எரிக்கும். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகைப் பாக்டீரியா வேண்டும், அந்த நைட்ரைட்டையும் தின்று அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்க இன்னொரு வகை வேண்டும். இரண்டும் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருகும்வரை, சொட்டுச் சொட்டாக அம்மோனியா மட்டும் விட்டு, வெறுந்தண்ணீரை ஓடவிட்டுக் காத்திருப்பதுதான் சைக்கிள். இதைச் செய்யத் தேவையான ஒரே தகுதி பொறுமை. அது பரிசோதகரிடம் இல்லை. பதிலுக்குப் பட்டம் இருந்தது.

“நான் யாருன்னு தெரியும்ல?” என்றார்.

“தெரியும் சார். அதான் பயமா இருக்கு” என்று கடைக்காரர் பாசியைத் தேய்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடல் வாளி வாளியாகக் குளியலறை வழியே வெளியேறியது. கல்லும் மணலும் அப்படியே இருந்தன. மூன்றாண்டு அனுபவமுள்ள பாக்டீரியாக்கள் நன்னீர்ப் பிரிவுக்கு இடமாற்றம் செய்யப்பட்டு, பணியில் சேர்ந்த அன்றே ஒட்டுமொத்தமாகக் காலமாயின. இது மேலிடத்துக்குத் தெரியாது. மேலிடம் நான்காம் நாள் ஐந்து மில்லி தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, இரண்டு குப்பிகளிலிருந்து சொட்டு மருந்து விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருந்து, குழாயில் வந்த பச்சை நிறத்தைத் தொட்டி மேசையின் கதவில் ஒட்டியிருந்த வண்ண அட்டையோடு ஒப்பிட்டது. அம்மோனியா லிட்டருக்குக் ‘கால்’ மில்லிகிராம் என்றது அட்டை. கால் என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

“பாத்தியா? அஞ்சாறு வாரமாம். நாலே நாள்!” என்று மனைவியிடம் குழாயைத் தூக்கிக் காட்டினார்.

“தண்ணி ஏன் நாறுது?” என்றாள் மனைவி.

“ஆரம்பத்துல அப்படித்தான்.”

“அப்பாவோட ஆறு நாறுது” என்று மகள் பாட்டாகவே பாடினாள்.

அன்று மாலையே மீன் வாங்கப் போனார்கள். மாமனாரும் உடன் போனார்.

மாமனார் தையற்காரர். நாற்பத்திரண்டு வருடம் ஒரே கடையில், ஒரே மெஷினில் தைத்தவர். ஆள் நடந்து வரும்போதே எந்தத் தோள் இறக்கம், எந்தக் கால் குட்டை என்று சொல்லிவிடுவார். மாமியார் போனபின் மகள் வீட்டுக்கு வந்தார். வந்த இடத்தில் ஞாபகம் கொஞ்சம் இழை பிரிந்தது. ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தார், பாத்திரம் கரியானது. இன்னொரு நாள் பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, மழையில் வழி தெரியாமல் நின்றார். யாரோ போன் செய்து சொன்னார்கள். அன்று மச்சான் தொலைபேசியில் தீர்ப்பளித்தார். மச்சான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. யாருக்கும் இரண்டு எச்சரிக்கைக்கு மேல் கொடுத்துப் பழக்கமில்லை.

“ரெண்டு ஆச்சு. மூணாவதா ஏதாவது நடந்தா, நான் பாத்து வெச்சிருக்கற முதியோர் இல்லத்துல சேத்துடலாம். அவருக்கும் அதான் நல்லது.”

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்து பேத்தியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

மீன் கடையில் அவருக்குப் பழைய உற்சாகம் வந்தது. நீலமும் சிவப்பும் மின்னும் நியான் குட்டிகள் பன்னிரண்டைத் தானே பொறுக்கினார். “இதோ இது, வலது பக்கம் ஒரு நூல் இறக்கம். நம்ம பழைய தபால்காரர் மாதிரியே. இதையும் போடுங்க” என்றார். கடைக்காரர் பரிசோதகரின் முகத்தைப் பார்த்தார். பரிசோதகர் கூரையைப் பார்த்தார். கடைக்காரர் பையைக் கட்டினார்.

தீனித் துறை மாமனாரிடம் ஒப்படைக்கப்பட்டது. காலையில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியின் மூடியில் அந்தச் சிட்டிகையை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தண்ணீர்மேல் மூன்று இடத்தில் தூவுவார். பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தபால்காரர் சாப்பிட்டாரா என்று பார்ப்பார்.

இரண்டாம் நாள் மூன்று மீன் மிதந்தன. பரிசோதகர் பரிசோதித்தார்: கால். மூன்றாம் நாள் நான்கு. மறுபடியும் கால்தான் என்றது அட்டை. கொஞ்சம் கூடினாற்போலத் தெரிந்தபோது, ஜன்னல் வெளிச்சம் சரியில்லை என்று எழுதிவைத்தார். நான்காம் நாள் தபால்காரர் போனார். ஐந்தாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே வந்த மனைவி, கடைசி மீனும் வடிகட்டியின் வாயில் ஒட்டிக்கிடப்பதைப் பார்த்தாள்.

“என்னங்க இது? ஒண்ணுகூட இல்லாம போச்சு! தண்ணி சரியா இருக்குன்னீங்களே?”

அந்த இடத்தில் பரிசோதகர் ‘தெரியலையே’ என்று சொல்லியிருக்கலாம். ஐந்தே எழுத்து. உலகத்தில் கோடிப் பேர் தினமும் சொல்கிறார்கள், யாருக்கும் பல் விழுந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

“தண்ணி சரியாத்தான் இருக்கு. தீனிதான் அதிகமாயிடுச்சு” என்றார்.

“யாரு போட்டா அதிகமா?”

பரிசோதகர் யார் பெயரையும் சொல்லவில்லை. இதைப் பின்னால் தனக்குத்தானே பலமுறை சாதகமாகச் சொல்லிக்கொண்டார். அவர் வெறுமனே திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பார்த்த பக்கத்தில் மாமனார் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

மாமனார் தொட்டியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

“போட்டிருப்பேன் மாப்பிள்ளை” என்றார் மெதுவாக. “காலையில போட்டதை மறந்து மறுபடியும் போட்டிருப்பேன். இருக்கும்.”

“பரவாயில்ல மாமா. வயசானா எல்லாருக்கும் வரதுதானே” என்று பரிசோதகர் பெருந்தன்மையாக மன்னித்தார்.

மன்னித்ததோடு விட்டிருந்தாலும் ஒரு மாதிரி. மகள், “தாத்தா எண்ணி எண்ணித்தானேப்பா போடுவாரு?” என்று கேட்டாளா, உடனே இவர் ஒரு தாளை எடுத்து அம்புக்குறிகளோடு விளக்கப்படம் வரைந்தார். மிஞ்சிய தீனி, அழுகல், அம்மோனியா, மரணம். படத்தைக் கைப்பேசியில் பிடித்துக் குழுவிலும் போட்டார். அறிவியல் மனப்பான்மையைப் பரப்புவது கடமையல்லவா. மச்சான் இந்த முறை கட்டைவிரல் அனுப்பவில்லை. கூப்பிட்டார்.

“மூணு ஆச்சு” என்றார்.

பரிசோதகருக்கு அப்போதுதான் கணக்கு உறைத்தது. மீன் செத்ததற்கு ஒரு காரணம் தேடினாரே தவிர, யாருடைய எத்தனையாவது குற்றம் என்று எண்ணிப் பார்க்கவில்லை. “மச்சான், இது சின்ன விஷயம்...” என்று இழுத்தார்.

“இன்னிக்கு மீனு. நாளைக்கு கேஸ் திறந்து விட்டாருன்னா? நீங்களே படம் போட்டு விளக்கியிருக்கீங்களே” என்றார் மச்சான்.

அதற்கடுத்த நாட்களில் மாமனார் வீட்டுக்குள் விருந்தாளி ஆனார். “மின்விசிறி போடட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார். அடுப்பு இருந்த பக்கமே போவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சமையலறை வாசலில் நின்று யாராவது வரும்வரை காத்திருப்பார். வாடிக்கையாளர்களின் மார்பளவும் இடுப்பளவும் எழுதிவைத்த நீளவாக்கு நோட்டு ஒன்று அவரிடம் உண்டு. அதன் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். பரிசோதகர் ஒருநாள் செய்தித்தாள் தேடும்போது அதைப் பார்த்தார்.

‘7.10 பல் தேய்த்தேன். 7.40 காப்பி குடித்தேன். தம்ளர் கழுவி வைத்தேன். 8.00 மாத்திரை போட்டேன். 8.05 மாத்திரை போட்டுவிட்டேன், மறுபடி போடக் கூடாது. மீனுக்குத் தீனி போடவில்லை. மீன் இல்லை.’

பரிசோதகர் நோட்டை மூடி, இருந்த இடத்தில் இருந்த கோணத்திலேயே வைத்தார். அவசரமாக வெளியே போக ஒரு வேலை வேண்டியிருந்தது. புது மீன் வாங்கிவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று தோன்றியது. கடைக்குப் போனார்.

“மொத்தமும் போச்சா? அம்மோனியா எவ்வளவு காட்டுச்சு?” என்றார் கடைக்காரர்.

“கால்தான்” என்று கைப்பேசியில் படத்தை எடுத்து நீட்டினார். கதவில் ஒட்டிய அட்டையின் அருகே குழாயைப் பிடித்து எடுத்த படம். ஆதாரம் சேமிப்பதில் அவர் குறை வைப்பதில்லை.

கடைக்காரர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். சிரிப்பார் என்று பரிசோதகர் எதிர்பார்த்தார். அவர் சிரிக்காதது இன்னும் மோசமாக இருந்தது.

“சார், இது உப்புத் தண்ணிப் பக்கம்.”

“என்னது?”

கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து அதே அட்டை ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் ‘கடல்நீர்’ என்று போட்டிருந்தது. திருப்பினார். மறுபக்கம் ‘நன்னீர்’. கட்டங்களின் நிறம் வேறு, எண் வேறு. கைப்பேசியில் இருந்த பச்சை, கடல்நீர்ப் பக்கத்தில் கால். நன்னீர்ப் பக்கத்தில் அதே பச்சைக்கு நேரே நான்கு என்று இருந்தது.

“நாலுல மீனு அஞ்சு நாள் இருந்ததே பெரிசு சார். உங்க அட்டையைத் திருப்பிப் பாக்கலையா?”

திருப்ப முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால், அடிக்கடி தேட வேண்டாம் என்று, கப்பல் மரத்துக்குப் பூசும் பசையால் அட்டையைக் கதவில் ஒட்டியவர் அவரேதான். கடல்நீர்ப் பக்கம் வெளியே. நன்னீர்ப் பக்கம் மரத்தோடு மரமாக உள்ளே. நகரத்தில் பத்து லட்சம் பேர் இவர் கையெழுத்தை நம்பித் தண்ணீர் குடிக்கிறார்கள்.

“வீட்டுல யாரு தீனி போட்டாங்க?” என்று கடைக்காரர் சும்மா கேட்டார்.

“மாமனார்.”

“அந்தப் பெரியவரா? அவரு அன்னிக்கு என்கிட்ட ஒரு சிட்டிகைன்னா எத்தனை துணுக்குன்னு எண்ணிக் காட்டச் சொன்னாரு சார்.”

பரிசோதகர் மீன் வாங்காமல் வெளியே வந்தார். தெருவில் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். ஒரு ஆள் வந்து பேருந்து நிறுத்தம் எங்கே என்று கேட்டபோது, “தெரியலையே” என்றார். அது எதிரிலேயே இருந்தது.

அன்று மாலை தேநீர் வேளையில் உண்மையைச் சொல்லிவிட்டார். சொல்வதற்கு முன் தொண்டையைக் கனைத்து, எழுந்து நின்று, “ஒரு முக்கியமான விஷயம்” என்று தொடங்கியது பழக்கதோஷம். தீனியால் மீன் சாகவில்லை, தண்ணீரே சரியில்லை, அட்டையைத் தப்பாகப் பார்த்தது நான்தான் என்றார்.

மனைவி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கண் கலங்கியது.

“அப்பாவுக்காக இப்படிச் சொல்றீங்க, இல்ல?”

“இல்லம்மா, நிஜமாவே...”

“எனக்குத் தெரியாதா உங்களை? ஆபீஸ்ல தண்ணி பாக்கறவருக்கு வீட்டுல தப்புமா? அன்னிக்கு அவ்வளவு தெளிவா படம் போட்டுக் காட்டினீங்களே!”

மாமனார் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க பெரிய மனசு மாப்பிள்ளை. கிழவன் மனசு நோகக் கூடாதுன்னு உங்க தலையில போட்டுக்கறீங்க. வேண்டாம். நான் பண்ணதை நான்தான் சுமக்கணும்.”

பொய்யை அத்தனை கச்சிதமாகத் தைத்திருந்தார் பரிசோதகர், உண்மைக்கு உள்ளே நுழைய இடுக்கு இல்லை. நிரூபிக்கலாம் என்று கதவிலிருந்து அட்டையைப் பிய்த்தார். நல்ல பசை. நன்னீர்ப் பக்கம் முழுவதும் மரத்திலேயே தங்கிவிட்டது; கையில் வெளுத்த காகிதப் பஞ்சுதான் வந்தது.

“விடுங்க, நகம் போயிடும்” என்றாள் மனைவி. அவள் குரலில் கல்யாணமான புதிதில் இருந்த குழைவு இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மறுநாளே இன்னொரு அட்டை வாங்கி வந்து காட்டியிருக்கலாம். கடை ஆறு நிமிட நடை. பரிசோதகர் போகவில்லை. நான் சொல்லிவிட்டேன், அவர்கள் நம்பவில்லை, இதற்குமேல் மனிதன் என்ன செய்வான் என்று சொல்லிக்கொண்டார். காலையில் காப்பி கேட்காமலே வந்தது. மகள்கூட, “நீங்க இவ்வளவு நல்லவர்னு தெரியாமப் போச்சேப்பா” என்று, கிண்டல் பாதி, நிஜம் பாதியாகச் சொன்னாள். செய்யாத குற்றத்தைச் சுமந்த உத்தமர் என்ற பட்டம், செய்த குற்றத்துக்காகக் கிடைத்தது. இரண்டு நாள் அவர் அதை உடுத்திக்கொண்டு உலாவினார். வசதியாகவே இருந்தது. குளிக்கும்போது மட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் துவட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது மனைவி போனில் பேசுவது கேட்டது.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கா? சரிண்ணா. துணி எல்லாம் நான் எடுத்து வெச்சிடறேன்... இல்லண்ணா, அழல. இவருதான் பாவம், பழியைக்கூடத் தன் மேல போட்டுக்கிட்டாரு.”

ஈரத் துண்டோடு பரிசோதகர் அங்கேயே நின்றார். அந்தப் ‘பாவம்’ முதுகில் அடித்தது போல் விழுந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு, கடைக்கு ஓடினார். ஆறு நிமிட நடை மூன்று நிமிடத்தில் முடிந்தது.

திரும்பி வந்ததும் எல்லாரையும் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டார். மச்சானைக் காணொளி அழைப்பில் பிடித்து, கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்தார். மனைவி, “எதுக்குங்க மறுபடியும்...” என்றாள். இந்த முறை அவர் கனைக்கவில்லை. மீன் இல்லாத, யாரும் பத்து நாளாக ஒரு துணுக்குத் தீனிகூடப் போடாத தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்தார். முதல் தடவை சொட்டு அதிகமாகி, கொட்டிவிட்டு மறுபடி எடுத்தார். ஐந்து நிமிடம் எல்லாரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை ஏறியது. புது அட்டையின் கடல்நீர்ப் பக்கத்தைக் காட்டி, “நான் பாத்தது இது” என்றார். திருப்பினார். “பாக்க வேண்டியது இது.” பத்து நாளில் நான்கு என்பது ஐந்தாகியிருந்தது. செத்த கல் இன்னும் அழுகிக்கொண்டிருந்தது.

“தீனியே போடாத தண்ணி இது. மாமா ஒண்ணும் பண்ணல. கடைக்காரர் முன்னாலேயே சொன்னாரு, நான் கேக்கல. மீனு செத்தப்புறம் எனக்குத் தெரியலன்னு சொல்ல வாய் வரல. அதான் மாமா பக்கம் பாத்தேன்.”

தன் வாழ்நாளில் தன் கையால் சரியாகச் செய்த முதல் பரிசோதனை அது. முடிவில் சந்தேகத்துக்கு இடமில்லை.

கைப்பேசிக்குள் மச்சான் காதைச் சொறிந்தார். மகள் அப்பாவைப் பார்க்காமல் மேசையில் விழுந்த ஒரு சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி எழுந்து போய், அலமாரியிலிருந்து மீன் தீனி டப்பாவை எடுத்துத் திறந்தாள். கழுத்துவரை இருந்தது. இரண்டு வேளை, மூன்று வேளை போட்டிருந்தால் கழுத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். பத்து நாளும் அது கண்ணுக்கு நேரேதான் இருந்தது. அவள் மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா...” என்றாள்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை” என்றார். நிஜமாகவே முகம் தெளிந்திருந்தது. “ராவெல்லாம் யோசிச்சுப் பாப்பேன், ரெண்டாந்தடவை போட்டேனான்னு. கை ஞாபகம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது போடல போடலன்னே சொல்லுச்சு. நான்தான் நம்பல.”

“அப்ப ஞாயித்துக்கிழமை வேண்டாம்ல?” என்று மகள் கைப்பேசியைப் பார்த்துக் கேட்டாள். மச்சான், “அது... இப்ப அப்படின்னா, மறுபடியும் பேசலாம்...” என்றார்.

“இல்லம்மா, நான் போறேன்” என்றார் மாமனார்.

“மாமா, நான்தான் சொல்லிட்டேனே, தப்பு என்னோடது!”

“தப்பு உங்களுதுதான். ஆனா அந்தப் பழி எனக்கு எடுத்த எடுப்புலயே அளவு சரியா இருந்துச்சே மாப்பிள்ளை. பாப்பா ஒருத்திதான் வாயைத் திறந்தா. டப்பாவைத் திறந்து பாக்கணும்னு இவளுக்குத் தோணல, அவனுக்குத் தோணல. எனக்கே தோணல. இனி இந்த வீட்டுல குழாய் ஒழுகினாலும் நான் நோட்டை எடுத்துப் பாக்கணும், நான்தான் மூடலையோன்னு. அங்க ஒரு மெஷின் சும்மா கிடக்காம். திரைச்சீலை எல்லாம் ஓரம் பிரிஞ்சு தொங்குதாம். போன்ல கேட்டேன். ஊசி போட்டு ஒக்காந்தா பொழுது போயிடும்.”

சொல்லிவிட்டு எழுந்தார். போகிற போக்கில், “சட்டை பொத்தான் ஒண்ணு தள்ளிப் போட்டிருக்கீங்க” என்றார். பரிசோதகர் குனிந்து பார்த்தார். நிமிரப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பத்து மணிக்கு வந்தது. பெட்டியைப் பரிசோதகரே தூக்கி வந்தார். மாமனார் அவர் தோளைத் தட்டி, எப்போதும்போல், “உடம்பைப் பாத்துக்குங்க மாப்பிள்ளை” என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வண்டி திரும்பும்வரை நின்று கையாட்டினார்கள். உள்ளே வந்தபின் மனைவி, அன்று முழுவதும், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் பாதி, அவளுக்கு அவள்மேலேயே இருந்த கோபம் என்பது அவருக்குத் தெரிந்தது, அது எந்த வகையிலும் உதவவில்லை.

மறுநாள் பரிசோதகர் கடல் கல்லையும் மணலையும் மூட்டை கட்டி வெளியேற்றினார். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கடைக்காரர் சொன்ன கூழாங்கல்லைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, சொல்லிக்கொடுத்த அளவில் அம்மோனியாவைச் சொட்டினார். தினமும் காலையில் குழாயில் தண்ணீர் பிடித்து, அட்டையின் சரியான பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதினார். அலுவலகத்திலும் சில நாள் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றார். உதவியாளர்கள் என்னவோ ஏதோ என்று பயந்தார்கள்.

ஆறாவது வாரம் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். தண்ணீர் சரியாக இருந்தது.